போகாமல் நின்றவர்கள்

கம்பெனியில் எல்லோரும் அவளைக் கன்ட்ரோல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நகரத்தின் உயரமான கட்டடங்களில் பாதிக்கு மேல் அந்தக் கம்பெனியின் லிஃப்ட்டுகள்தான் ஏறி இறங்கின. எங்காவது ஒன்று நடுவழியில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர் சிவப்புப் பொத்தானை அமுக்குவார். மணி அவள் மேஜையில் அடிக்கும். "பயப்படாதீங்க, மூச்சை மெதுவா விடுங்க, ஆள் கிளம்பிட்டாங்க" என்று அவள் பேச ஆரம்பித்தால், கதவை உதைத்துக்கொண்டிருந்தவர்கூட அடங்கிவிடுவார். கதவு திறந்து வெளியே வந்த பிறகும் போனை வைக்க மனமில்லாமல் குடும்பக் கதை பேசினவர்கள் உண்டு. அடுத்தவர் பயத்தைப் போக்குவதுதான் அவள் பார்த்த வேலை. தன் பயத்தை என்ன செய்வது என்று அதுவரை அவள் யோசிக்க வேண்டி வந்ததில்லை.

அந்த வருஷம்தான் கம்பெனி விருப்ப விலகல் திட்டம் என்று ஒன்றைக் கொண்டு வந்தது. யாரையும் நாங்கள் போகச் சொல்லவில்லை, போக விரும்புகிறவர்கள் நல்ல தொகையாக வாங்கிக்கொண்டு மரியாதையாகப் போகலாம் என்றார்கள். முதல் வாரம் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது வாரம் கணக்குப் போட்டார்கள். அதற்கப்புறம் ஒவ்வொருவராகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். தினம் ஒரு கேக் வெட்டினார்கள். கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அடிக்கடி போன் பண்ணு என்றார்கள்.

பஸ் ஓட்டுகிற அவள் கணவன், நீயும் வாங்கிக்கொண்டு வந்துவிடு என்றான். மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், வீட்டில் இருக்கிற இரண்டு பேருக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் அவன் காலையில் வண்டியை எடுக்கப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். அந்த வீட்டில் பகலெல்லாம் யாரோடு பேசுவது? நாலு பேர் குரல் காதில் விழாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று சொல்லிவிட்டாள்.

போகிறவர்கள் போய் முடிந்தபோதுதான் நின்றவர்களுக்கு விஷயம் உறைத்தது. கன்ட்ரோல் அறையில் அவளும் பக்கத்து மேஜைப் பெண்ணும் மட்டும் மிஞ்சினார்கள். காலி நாற்காலிகளை ஒருநாள் காலையில் ஆட்கள் வந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். அவை போன இடத்தில் தரை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அதன்மேல் நடக்க இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை, சுற்றிக்கொண்டு போனார்கள்.

பிறகு ஒரு பேச்சு கிளம்பியது. இந்தச் சுற்றில் எதிர்பார்த்த அளவுக்கு ஆள் குறையவில்லையாம், அடுத்த சுற்று உண்டாம், அதில் விருப்பம் கிருப்பம் என்ற பேச்சே கிடையாதாம். யார் சொன்னார்கள் என்று தேடிப்போனால் யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் நம்பினார்கள். காய்ச்சலோடு வேலைக்கு வந்தார்கள். கழிவறைக்குப் போனால்கூட ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார்கள். இரண்டு பேர் நின்று பேசினால் மூன்றாமவர் முகம் வெளுத்தது. யார் எதைக் கேட்டாலும் முடியாது என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

இந்த நேரம் பார்த்துத் தலைமை அலுவலகம் எல்லோருடைய கம்ப்யூட்டருக்கும் ஒரு கேள்வி அனுப்பியது. இன்று வேலையில் உங்கள் மனநிலை எப்படி? கீழே ஐந்து முகங்கள், அழுகிற முகத்திலிருந்து பல் தெரியச் சிரிக்கிற முகம் வரை. யார் எதை அமுக்கினார்கள் என்பது ரகசியமாக வைக்கப்படும் என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததும்தான் ஆட்களுக்கு உதறல் எடுத்தது. பக்கத்து மேஜைப் பெண் எட்டிப் பார்த்து, "அக்கா, எதை அமுக்கப் போறீங்க?" என்று கேட்டாள். அக்கா பல் தெரிகிற முகத்தை அமுக்கினாள். அந்தப் பெண்ணும் அதையே அமுக்கினாள். கம்பெனி வரலாற்றிலேயே ஊழியர்கள் இவ்வளவு உற்சாகமாக இருந்ததில்லை என்று அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது.

மெக்கானிக்குகளில் நெட்டை என்று ஒருவன் இருந்தான். வாசல்களில் குனிந்து குனிந்து கழுத்தே ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட உயரம். அவனுக்கு ஜோடி குட்டை. வயதில் மூத்தவர், அவன் தோளுக்குத்தான் வருவார். லிஃப்ட் வேலையில் ஆபத்தான இடம் அடிக்குழி. லிஃப்ட் வந்து நிற்கிற கடைசித் தளத்துக்கும் கீழே, ஒரு ஆள் நின்றால் மார்பு வரை மறைகிற பள்ளம். அதில் ஒருவர் இறங்கினால் இன்னொருவர் மேலே கதவைத் திறந்து பிடித்தபடி நிற்க வேண்டும். கதவு திறந்திருக்கும்வரை லிஃப்ட் நகராது. குழிக்குள்ளும் ஒரு நிறுத்தும் ஸ்விட்ச் உண்டு என்றாலும், ஈரம் ஊறிய குழிகளில் அதை நம்பி யாரும் இறங்குவதில்லை. நெட்டை இறங்குவான், குட்டை கதவைப் பிடித்துக்கொண்டு பழைய பாட்டாகப் பாடுவார். பாட்டு நின்றால் மேலே ஏதோ சரியில்லை என்று அர்த்தம், ஏறி வந்துவிடலாம் என்று நெட்டை சொல்வான். ஆனால் அவர் பாடுகிற பாட்டுக்குக் குழியில் கிடப்பதே மேல் என்றும் சொல்வான்.

குட்டை விலகல் திட்டத்தில் போய்விட்டார். முழங்கால் தேய்ந்துவிட்டது என்று காரணம் சொன்னார். போன பிறகு கன்ட்ரோல் அறைக்கு அடிக்கடி போன் செய்தார். வீட்டில் எல்லாக் குழாயையும் ரிப்பேர் பண்ணிவிட்டாராம், இப்போது மனைவி ஸ்பேனரை ஒளித்து வைத்துவிட்டாளாம்.

ஆள் குறைந்ததும் மெக்கானிக்குகள் தனித்தனியாகப் போக ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் போக வேண்டும் என்ற விதியை யாரும் நீக்கவில்லை, அதைப் பற்றிப் பேசவுமில்லை. மிச்சமிருந்த ஒரே பாதுகாப்பு கன்ட்ரோல் அக்காதான். குழியில் இறங்குமுன் அவளுக்குப் போன் செய்து உள்ளே போறேன் என்பார்கள். ஏறியதும் வெளியே வந்துட்டேன் என்பார்கள். சத்தம் இல்லையென்றால் அவள் வேறு ஆளை அனுப்ப வேண்டும்.

ஒருமுறை அப்படி அனுப்பித்தான் மாட்டிக்கொண்டாள். ஒரு மெக்கானிக் ஏறி வந்ததைச் சொல்ல மறந்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். அவள் பதறிப்போய், வேறொரு கட்டடத்தில் வேலையாக இருந்தவனைக் கிளப்பி அனுப்பினாள். அவன் பாதியில் விட்டுவிட்டு வந்த இடத்தில் லிஃப்ட்டுக்குள் மாட்டியிருந்த ஒரு பெரிய மனிதர் வெகுநேரம் வியர்த்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. புகார் எங்கெங்கோ போனது. ஏரியா மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். பழைய மேனேஜர் விலகிப் போன இடத்துக்கு வந்த இளைஞர். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. கண்ணைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு, தணிந்த குரலில் பேசினார்.

"உங்க அக்கறை எனக்குப் புரியுது மேடம். ஆனா மேல இருக்கறவங்க எண்ணிக்கையைத்தான் பார்ப்பாங்க. அடுத்த தடவை கொஞ்சம் பொறுத்துப் பார்த்துட்டு அனுப்புங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அந்தக் கடைசி வாக்கியம் அவள் கூடவே வீட்டுக்கு வந்தது. சாப்பிடும்போது வந்தது, தலை வாரும்போது வந்தது.

அது நடந்து சில வாரம் கழித்து, ஒரு மதிய நேரம். பல அலுவலகங்கள் இருக்கிற ஒரு கட்டடத்திலிருந்து புகார் வந்தது. தரைத்தளத்தில் லிஃப்ட் ஒரு சாண் கீழே இறங்கி நிற்கிறது, ஏறுகிறவர்கள் தடுக்கி விழுகிறார்கள். பக்கத்தில் இருந்தவன் நெட்டைதான். போய்ப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டான். குழியில் இறங்காமல் முடியாது, தண்ணீர் வேறு தேங்கியிருக்கிறது, யாராவது வந்து கதவைப் பிடிக்க முடியுமா என்று கேட்டான். அவள் பார்த்தாள். ஒருவரும் இல்லை. இணைப்பில் அவனை இருக்கச் சொல்லிவிட்டு மேனேஜரைக் கேட்டாள். சின்ன வேலைதானே, அனுபவப்பட்டவர், அவரே பார்த்துக்கொள்வார் என்றார் மேனேஜர். அதை அவள் அப்படியே நெட்டையிடம் சொன்னாள்.



"சரிக்கா" என்றான் நெட்டை. "எல்லாரும் தனியாத்தான் இறங்கறாங்க. நான் ஒருத்தன் மட்டும் மாட்டேன்னா, என்னை மட்டும் குறிச்சு வச்சுக்குவாங்க. பாட வேண்டிய ஆள் வீட்ல இருக்காரு, இன்னிக்கு நானே பாடிக்கறேன். உள்ளே போறேன்."

அதற்கப்புறம் அவனிடமிருந்து சத்தமில்லை.

முதலில் அவள் அதை நினைக்கவில்லை. வேறு இரண்டு அழைப்புகள் வந்தன. அவற்றை முடித்துவிட்டுப் பார்த்தபோது கம்ப்யூட்டரில் நெட்டையின் பெயருக்கு நேரே அவள் குறித்திருந்த உள்ளே என்ற சொல் அப்படியே இருந்தது. அவன் போனுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. குழிக்குள் சிக்னல் கிடைக்காது, அதனால் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று காத்திருந்தாள். மறுபடி அடித்தாள். அதே குரல்.

பக்கத்து மேஜைப் பெண் அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "பொறுங்கக்கா, போன தடவை மாதிரி ஆயிடப்போகுது" என்றாள் மெதுவாக. அவள் சொன்னது இரக்கத்தில்தான். அக்காவுக்கும் மேனேஜர் குரல்தான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. ஆளை அனுப்பி, அவன் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தால்? அடுத்த சுற்றுக்கு ஆள் தேடுகிறவர்களுக்கு அவளே தேடி வந்து தலையைக் கொடுத்த மாதிரி ஆகும். அனுப்பாமல் இருந்து, அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? அதற்குமேல் நினைக்க முடியவில்லை. அந்த நேரத்தில் வேறெங்கோ மாட்டிக்கொண்ட ஒருவர் மணியடித்தார். "பயப்படாதீங்க, மூச்சை மெதுவா விடுங்க" என்று அவருக்குச் சொன்னாள். அவளுக்கே மூச்சு மேலும் கீழும் இரைத்துக்கொண்டிருந்தது.

கடைசியில் நடுவழி ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஆளை அனுப்ப வேண்டாம், கட்டடத்து வாட்ச்மேனைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. போனை எடுத்தவர் வயதானவர்.

"மெக்கானிக்கா? வந்தாரும்மா. வேலை முடிஞ்சு போயிருப்பாரு. லிஃப்ட் நல்லா ஓடிக்கிட்டிருக்கே" என்றார்.

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டாள். பக்கத்துப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயில் வைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. மறதிக்காரர்கள் எத்தனையோ பேர் உண்டு, நெட்டை அந்த ரகமில்லை. லிஃப்ட் ஓடுகிறது என்றால் வேலை முடிந்தது என்று ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? பாட்டிலை மூடக்கூட இல்லை, திரும்ப அடித்தாள்.

"ஐயா, அவர் வெளியே போனதை உங்க கண்ணால பார்த்தீங்களா?"

அவர் யோசித்தார். பார்த்ததாக ஞாபகமில்லை என்றார். வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "பைக் இங்கதாம்மா நிக்குது. ஹெல்மெட்டும் அதுலயே தொங்குது."

போனில் பின்னால் ஒரு மணியோசை கேட்டது. கதவு விலகுகிற சத்தம், யாரோ சில பேர் சிரித்துப் பேசிக்கொண்டே வெளியே வருகிற சத்தம். லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்து நின்றிருக்கிறது. குழிக்கு நேர் மேலே.

"ஐயா, உடனே மெயின் ஸ்விட்சை அணைங்க."

"எதும்மா? லிஃப்ட் மெயினா?" வாட்ச்மேன் தயங்கினார். "இப்பத்தான் மேல்மாடி முதலாளி உள்ளே ஏறுறாரு. நடுவுல நின்னுட்டா என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாரும்மா. எங்க கம்பெனியிலயும் ஆளைக் குறைச்சுக்கிட்டிருக்காங்க. நான் எப்படி..."

அவர் குரலில் இருந்தது தன் வயிற்றில் இருக்கிற அதே பயம்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் அவளால் கத்த முடியவில்லை. "ஐயா, அடியில ஒரு ஆள் கிடக்காரு" என்று மட்டும் சொன்னாள். சொன்ன பிறகுதான் அதை அவளே முழுசாக நம்பினாள்.

போன் மேஜைமேல் விழுந்த சத்தம் கேட்டது. ஓடுகிற காலடிச் சத்தம். பிறகு, டொக்கென்று மெயின் ஸ்விட்ச் அணைகிற சத்தம்.

ஆம்புலன்சுக்கு அடித்தாள். மீட்புப் படைக்கு அடித்தாள். அருகில் கம்பெனி ஆள் ஒருவரும் இல்லை. அந்தக் கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் குட்டையின் வீடு என்பது அப்போது நினைவுக்கு வந்தது. கம்பெனியை விட்டுப் போனவரை உள்ளே விடக்கூடாது, அவருக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றெல்லாம் ஒரு பக்கம் மனம் ஓடியது. விரல் அதற்குள் எண்ணை அமுக்கிவிட்டது.

"அண்ணே, நெட்டை குழியில இருக்கான். தனியா இறங்கினான்."

"எந்தக் கட்டடம்?" என்று மட்டும் கேட்டார் குட்டை. சொன்னதும் போனை வைத்துவிட்டார். தேய்ந்த முழங்காலோடு, வீட்டில் போட்டிருந்த செருப்போடு, ஒளித்து வைத்த ஸ்பேனரைத் தேடக்கூட நிற்காமல் ஓடினார் என்று அவர் மனைவி பிறகு சொன்னாள்.

மேனேஜருக்கு அவள் கடைசியாகத்தான் சொன்னாள். அவர் அறையிலிருந்து எழுந்து வந்து அவள் மேஜைக்குப் பின்னால் நின்றார். மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் தன் கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். மணி அடித்தது. குட்டையின் மூச்சிரைப்பு முதலில் வந்தது, பேச்சு அப்புறம் வந்தது.

"உயிர் இருக்கும்மா" என்றார். பிறகு அழுதுவிட்டார்.

என்ன நடந்தது என்று நெட்டை பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். இறங்கும்போது கதவைத் திறந்தே வைக்கத்தான் நினைத்தான். ஆனால் சாப்பாட்டு நேரம், ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். திறந்த பள்ளத்தில் யாராவது விழுந்துவிட்டால் அந்தப் பழியும் தன் தலையில்தான் என்று பயந்து, கதவைச் சாத்திக்கொண்டு, குழி ஸ்விட்சை நம்பி இறங்கினான். ஸ்விட்ச் ஏமாற்றிவிட்டது. யாரோ மேலே பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள். லிஃப்ட் கீழே வருவதைப் பார்த்து மூலைக்குத் தாவினான். உடம்பு தப்பியது, நீண்ட கால் தப்பவில்லை. போன் தண்ணீருக்குள் போயிற்று. கால் உடைந்து எழுந்திருக்க முடியாமல், சேற்றுத் தண்ணீரில் மல்லாந்து கிடந்தான். அவன் மூக்குக்குச் சற்று மேலே லிஃப்ட்டின் அடிப்பக்கம் வந்து நிற்கும். மேலே ஆட்கள் பேசிக்கொண்டு இறங்குவார்கள், ஏறுவார்கள். அவன் கத்துவான். கதவு மூடும். லிஃப்ட் ஏறிப் போகும். திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் இந்த முறை இன்னும் ஒரு சாண் கீழே இறங்கிவிடும் என்றே நினைத்தானாம். குரல் போன பிறகு, கத்தவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டானாம்.

எவ்வளவு நேரம் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அதில் எவ்வளவு தான் பயந்து உட்கார்ந்திருந்த நேரம் என்று அவளுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போனாள். காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டில் அவன் உயரத்துக்குப் போதாமல் நல்ல கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெட்டை அக்காவைக் கிட்டே கூப்பிட்டு, ரகசியம் போலச் சொன்னான்.

"மேனேஜர் வந்திருந்தாரு. நானே இஷ்டப்பட்டுத்தான் தனியா இறங்கினேன்னு சொல்லிட்டேன். நீங்களும் அப்படியே சொல்லிடுங்கக்கா. கால் சரியாகி வரும்போது எனக்கு வேலை இருக்கணும்."

அவன் மனைவி அப்போதும் திரும்பவில்லை. "வேலை இருக்கும், காலு?" என்று சுவரிடம்தான் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். இவ்வளவு நாளும் வேலையை விட்டுவிடு என்று சொன்ன மனிதன், இப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நாள் வாயைத் திறக்காமல் இரு என்றான். போகிறதாக இருந்தால் பேரைக் கெடுத்துக்கொள்ளாமல் போக வேண்டும், பழி போட்டு அனுப்பிவிடுவார்கள் என்றான். அவன் பயந்து அவள் பார்த்ததில்லை. அன்று இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு ஆணும் ஒரு பெண்ணும் வந்தார்கள். மேனேஜர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். குளிர்சாதன அறை, ஆனாலும் அவள் ரவிக்கை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆள் மரியாதையாகத்தான் கேட்டார். மெக்கானிக் விருப்பப்பட்டுத் தனியாக இறங்கியதாகச் சொல்லியிருக்கிறார், நீங்கள் உறுதிப்படுத்தினால் போதும், வேலை முடிந்தது என்றார்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஒரு சொல்தான். நெட்டையே அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான், கணவனும் கேட்டுக்கொண்டிருக்கிறான், ஓரத்தில் இருக்கிற மேனேஜரின் கண்ணும் அதைத்தான் கெஞ்சியது. ஆனால் இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால், நாளைக்கே இன்னொருவன் உள்ளே போறேன் என்பான், அவள் சரி என்று சொல்ல வேண்டும். அந்தச் சரி அவள் தொண்டையைத் தாண்டாது என்று தெரிந்துவிட்டது.

"விருப்பப்பட்டு இறங்கலை சார்" என்றாள். "ஆள் வேணும்னு கேட்டான். நான் மேனேஜரைக் கேட்டேன். சின்ன வேலைதானே, அவரே பார்த்துக்குவாருன்னாரு. நான்தான் அதை அவன்கிட்ட சொன்னேன். முடியாதுன்னு சொன்னா வேலை போயிடும்னு இறங்கினான். அப்புறம் அவன் சத்தமே வரலைன்னு தெரிஞ்சும் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதையும் எழுதிக்குங்க."

"ஏன் உட்கார்ந்திருந்தீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"பயம்."

"எதுக்குப் பயம்? உங்க பிரிவுல எல்லாருமே ரொம்ப சந்தோஷமா இருக்கறதாத்தானே பதில் வந்திருக்கு?"

"பயந்துக்கிட்டுதாம்மா அந்தச் சிரிக்கிற முகத்தை அமுக்கினோம்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது. நீங்கள் போகலாம் என்றார்கள். எழுந்து, நாற்காலியை மேஜைக்குள் தள்ளிவிட்டு வெளியே வந்தாள்.

மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். உள்ளே நடந்தது எப்படியோ அவளுக்கு முன்னால் வெளியே வந்துவிட்டிருந்தது. பக்கத்து மேஜைப் பெண் அவள் தோளைத் தொட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டாள். சாயங்காலம் ஒரு மெக்கானிக் போன் செய்தான். சங்கோசமான ஆள், ஒரு வார்த்தைக்கு மேல் பேசமாட்டான்.

"அக்கா, குழி வேலை. இன்னொரு ஆள் வர்ற வரைக்கும் நான் மேலயே நிக்கறேன்."

இன்னொரு ஆள் வர இருட்டிவிடும் என்றாள். பரவாயில்லை, நிற்கிறேன் என்றான். அடுத்த நிமிஷமே கட்டடத்துக்காரர் இன்னொரு இணைப்பில் வந்து கத்தினார். உங்கள் ஆள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான் என்றார். இரண்டு பேர் சேர்ந்தால்தான் இறங்குவார்கள், தாமதமாகும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். மேனேஜர் அறைக் கதவு திறந்திருந்தது, அவருக்குக் காதில் விழுந்திருக்கும். அவர் எழுந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டார். தடுக்கவில்லை.

மறுநாள் இன்னொருவன் அப்படியே நின்றான். அந்த வாரத்துக்குள் எல்லோரும் நிற்க ஆரம்பித்தார்கள். கூடிப் பேசி முடிவெடுத்ததில்லை, கூடிப் பேச யாருக்கும் துணிச்சலும் இல்லை. அவரவர் தனியாகப் பயந்து, தனியாகத்தான் நின்றார்கள். புகார் குவிந்தது. மாதம் முடிகிற சமயத்தில், குழி வேலைக்கு இரண்டு பேர் கட்டாயம் என்று தலைமை அலுவலகம், ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி, ஓர் ஆணை அனுப்பியது. ஆள் பற்றாக்குறைக்காகக் குட்டையைத் தினக்கூலிக்குக் கூப்பிட்டார்கள். அவர் முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். நெட்டையின் கால் சற்றுக் குட்டையாகத்தான் கூடியது. அவனை உதிரிபாகக் கிடங்கில் உட்கார வைத்தார்கள். அவன் முதலில் சில நாள் அக்காவோடு பேசவில்லை, பொய்க்காரன் ஆக்கிவிட்டாய் என்ற கோபம். பிறகு ஒருநாள் அவனாக வந்து மேஜையருகே நின்று, "நல்லா இருக்கீங்களாக்கா?" என்றான். அவன் மனைவி அதற்கு முன்பே போனில் பேசிவிட்டிருந்தாள்.

வெளியாளைக் கூப்பிட்டதற்காகவும் தாமதத்துக்காகவும் அக்காவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். தாமதத்துக்காக என்ற வரியை அவள் வீட்டில் கணவனுக்கு உரக்க வாசித்துக் காட்டினாள். அது சரிதான் என்றாள்.

ஆனால் அந்த இரண்டாவது சுற்று வெறும் பேச்சாகப் போய்விடவில்லை. வந்தே விட்டது. ஒரு காலையில் கேக் இல்லாமல், கட்டிப்பிடித்தல் இல்லாமல், ஆட்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு அனுப்பினார்கள். ஏரியா மேனேஜர் போனார். பக்கத்து மேஜைப் பெண்ணும் வந்து பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அக்கா அன்று முழுக்கத் தன் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று கதவைப் பார்த்தபடி அழைப்புகளை எடுத்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை. மறுநாளும் கூப்பிடவில்லை. அவ்வளவு பேசிய தன்னை ஏன் விட்டுவைத்தார்கள், மறந்துவிட்டார்களா, இல்லை, இவளை அனுப்பினால் விஷயம் வெளியே போகும் என்று நினைத்தார்களா, அவளுக்கு இன்றுவரை தெரியாது. கேட்டுப் பார்க்கலாம். கேட்கப் பயமாக இருக்கிறது.